அப்பாவை வக்கீல் கேட்க வைத்த செலின் அக்கா

சென்ற வாரம் ஒரு மாலையில், அப்பாவின் வழக்கைப் பார்க்கும் வக்கீல் மேடம் அப்பாவைப் போனில் அழைத்தார். மலையாளத்தில் வேகமாகப் பேசவே, அப்பா போனை என்னிடம் நீட்டினார். செலின் அக்கா மாரடைப்பால் இறந்துவிட்டார் என்பதை நான் கேட்டு, அப்பாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஒரு வாக்கியம் எனக்கு எளிதில் வரவில்லை.

கோர்ட்டு வளாகத்தில் உள்ள இலவச சட்ட உதவி மையத்தில் அக்கா தன்னார்வலராக இருந்தார். அக்காவை அறிந்த உங்களில் பலர் அவரை அங்கேதான் சந்தித்திருப்பீர்கள். நாங்களும் அப்படித்தான். கேரளாவில், விழிஞ்ஞத்தில் அப்பா வேலை செய்த கட்டடத்தில் டிரில்லிங் மெஷின் ஒன்று காணாமல் போனது. பழி அப்பாவின் மேல் விழுந்தது. வழக்கு அழைக்கப்படும் நாளில், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மலையாளம் சரியாகத் தெரியாததால், பள்ளிக்கு லீவு போட்டு நான் உடன் போனேன்.

கோர்ட்டு வராந்தாவில் அந்தக் கட்டட வேலையின் சூப்பர்வைசர் அப்பாவின் தோளில் கை போட்டிருந்தார்.

"ஜட்ஜ் கேட்டா எடுத்தேன்னு ஒத்துக்க, முருகா. ஃபைனை நான் பாத்துக்கிறேன். இன்னிக்கே முடிஞ்சிடும்."

"சரிங்க சார்."

சூப்பர்வைசர் எதைச் சொன்னாலும் அப்பாவின் பதில் அதுதான். அப்படிச் சொல்லாதவர்களுக்கு மறுநாள் வேலை இருக்காது.

தமிழ் காதில் விழுந்ததும் பெஞ்சில் இருந்த அக்கா திரும்பினார். "அண்ணா, நீங்க எடுத்தீங்களா?"

"இல்லம்மா."

"பின்னே எதுக்கு ஒத்துக்கணும்? அப்புறம் காலம் பூரா கள்ளன்னு பேராயிடும், கேட்டோ. அரசாங்க ஆஸ்பத்திரியில டாக்டர் இருக்கிற மாதிரி, காசில்லாதவங்களுக்கு இங்க வக்கீல் உண்டு."

சூப்பர்வைசர் சிரித்தார். "ஓசி வக்கீல் வந்து என்னத்தைக் கிழிப்பாரு?"

"சாருக்கு எதுக்கு இத்தனை அவசரம்? கேஸு சார் பேர்லயா?"

தோளிலிருந்து கை இறங்கியது.

மையத்தில் வக்கீல் கேட்டு மனு எழுதிக் கொடுத்ததும் அக்கா அப்பாவைச் சோதித்தார். "மெஷினோட சேர்த்து இந்தக் கோர்ட்டுக் கட்டடத்தையும் நீங்கதான் தூக்கிட்டுப் போனீங்களாம்."

"சரிங்க மேடம்" என்றார் அப்பா.

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. "அங்கயும் இதையே சொல்லிடாதீங்க. கேட்டா, எனக்கு வக்கீல் வேணும். அது மட்டும்."

மையம் ஒதுக்கிய வக்கீல் மேடம் வேறொரு வழக்கில் நின்றுகொண்டிருந்தார். அவர் வருவதற்குள் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அப்பா கூண்டில் ஏறினார். நானே மலையாளத்தில் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். "வேண்டாம் மோளே. அவர்தான் சொல்லணும்."

ஜட்ஜ் கேட்டதை ஊழியர் ஒருவர் தமிழில் சொன்னார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா? வாசலில் சூப்பர்வைசர் நின்றார். அப்பாவின் உதடுகள் 'சரிங்க' என்ற அந்தப் பழைய சொல்லுக்குப் பிரிவதை நான் பார்த்தேன். அக்காவின் பிடி இறுகியது. அப்பா எங்கள் பக்கம் திரும்பி, மறுபடி ஜட்ஜைப் பார்த்தார்.

"எனக்கு... வக்கீல் வேணுங்க."

வழக்கு வேறொரு நாளைக்குத் தள்ளிப்போனது. வெளியே வந்ததும் அக்கா அப்பாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "சத்தம் கொஞ்சம் குறைவு. அடுத்த தடவை ஜட்ஜுக்கும் கேக்கணும்."

அக்காவை அடக்கம் செய்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்திலிருந்து நாங்கள் திரும்பியபோது எங்கள் சந்தில் சூப்பர்வைசர் காத்திருந்தார்.

"அந்தம்மாவும் போயாச்சு. இனி உனக்கு யாரு இருக்கா? அடுத்த வாய்தாவுல ஒத்துக்க முருகா."

வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார்.

"முடியாது சார்."

வழக்கு இன்னும் முடியவில்லை. என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. செலின் அக்காவிடமிருந்து எங்கள் வீட்டில் தங்கியிருப்பது அப்பாவின் அந்த இரண்டு சொற்கள். சந்து முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னார்.