வாடுகிற செடி

மலேசியாவின் சுபாங் ஜெயாவில் ஒரு சின்ன கம்பெனியில் வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். மனச்சோர்வில் இருப்பவர்களுக்காக போனில் கதை விளையாட்டு செய்கிற கம்பெனி. முதலாளி மன நலம் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். எதிரில் யாராவது கண் கலங்கினால் மட்டும் உடனே போனை எடுத்துப் பார்ப்பார்.

விளையாட்டில் தினமும் உள்ளே வந்து, அன்றைய மனநிலைக்கு மூன்று முகங்களில் ஒன்றைத் தொட வேண்டும். தொட்டால் திரையில் ஒரு செடி வளரும். வராமல் போனால் வாடிவிடும். ‘நீங்கள் வராததால் உங்கள் செடி வருந்துகிறது’ என்ற வரியை நான்தான் எழுதினேன். முதலாளி கை தட்டினார். நானும் வெட்கமில்லாமல் பல்லை இளித்தேன்.

வெளியிடுவதற்கு முன் பத்துப் பேரிடம் கொடுத்தோம். ஒரு வாரம் கழித்து, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடி அறையில் அவர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டோம். கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு அக்கா முதலில் பேசினார்.

“மூணு நாளா படுக்கைய விட்டே எந்திரிக்க முடியல. நாலாவது நாள் தொறந்தா செடி செத்துக் கெடக்கு. என்னாலதானாம். எவன் எழுதினான் இத?”

நான் குனிந்து குறிப்பு எழுதுவதுபோல நடித்தேன்.

முதலாளி சிரித்தார். “அதான் மோட்டிவேஷன் லா, அக்கா! செடிக்காகவாவது எந்திரிப்பீங்கல்ல?”

“அந்த வேலைக்கு வீட்ல என் மாமியார் இருக்காங்க, பாஸ்.”

அறையே சிரித்தது. அது தனக்கான குத்து என்று புரியாமல் முதலாளியும் சேர்ந்து சிரித்தார்.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது அக்காவிடம் உண்மையைச் சொன்னேன்.

“தெரியும் தம்பி. உங்க மூஞ்சியே சொல்லிருச்சு. எழுதினவரு நீங்கதானே, மாத்துங்க.”

மறுநாளே மாற்றினேன். எத்தனை நாள் கழித்து வந்தாலும் செடி அப்படியே நிற்கும். ‘வாங்க, ஒன்னும் அவசரமில்ல’ என்று மட்டும் சொல்லும். முதலாளி அதைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

“செடி சாகலன்னா எவன் தினமும் வருவான்?”

பழைய வரியையே திரும்பப் போட்டார். போதாததற்கு இலை நுனியில் ஒரு கண்ணீர்த் துளி வைக்கச் சொன்னார். அதை வரைந்து கொடுக்கவும் ஆள் இருந்தது. அந்த வாரமே வேலையை விட்டேன். அதில் வீரம் ஒன்றும் இல்லை. அந்தத் துளியை தினமும் பார்க்கச் சகிக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போதும் அவர் ஹோட்டல் மண்டபங்களில் மேடையேறுகிறார். “நாங்க மக்கள்கிட்ட கேட்டுத்தான் எல்லாம் செய்றோம்” என்கிறார். கேட்டது உண்மைதான். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேனே.