நடுக்கடலில் புத்தகத்தை மூடக் கூடாது

ஊர் சுற்றும் பைத்தியம் எனக்குச் சின்ன வயதிலேயே பிடித்துவிட்டது. சுற்றிய ஊர்தான் ஒன்றுமில்லை. எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், வட்டகொடைக்கு மேலே. கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து பார்த்தால் கீழே ரயில் வளைந்து போவது தெரியும். கை கொழுந்தில் இருக்கும். கண் கடைசிப் பெட்டி மறையும்வரை அதன் பின்னாலேயே போகும். கங்காணி சத்தம் போட்டால்தான் திரும்பி வரும். நான் போன அதிக தூரம் ஹட்டன். அதுவும் பல் பிடுங்க.

கல்யாணமான புதிதில் இதை அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த முறை ஹட்டனுக்குப் போனபோது வாசகசாலையிலிருந்து ஒரு பயணப் புத்தகத்தை வாங்கி வந்து என் மடியில் போட்டார்.

"இந்தா புள்ள, இதுல ஏறு."

அன்றிலிருந்து ஏறிக்கொண்டேதான் இருந்தேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்திருந்தேன். விடிகாலைப் பெரட்டில் பேர் கொடுத்துப் போன வேலை முடிந்து வந்து, சாப்பிட்டதும் லயத்து ஒற்றையறைக் காம்பராவில் குப்பி லாம்பைப் பக்கத்தில் வைத்து நான் சத்தமாக வாசிப்பேன். அவரும் மாமியாரும் கேட்பார்கள். மழையே பெய்யாத பாலைவனம் வந்தபோது மாமியார் வாயைப் பிளந்தார். "அப்ப துணி ஒரே நாள்ல காஞ்சிடுமே!" ஆனி, ஆடி முழுக்க ஈரச் சேலையைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போகிறவர்களுக்கு அது சொர்க்கமாகத்தான் தோன்றும். பூமிக்கு அடியில் ரயில் ஓடும் பட்டணத்தை அவர் நம்பவே மறுத்தார். ராத்திரியிலும் சூரியன் மறையாத நாட்டைப் பற்றி வாசித்ததும் அவருக்குக் கவலை வந்துவிட்டது.

"அங்க பெரட்டு எப்ப போடுவாங்க?"

மாமியார் ஒரு சட்டம் வைத்திருந்தார். பயணி கப்பலில் இருக்கும்போது புத்தகத்தை மூடக் கூடாது. கைக்குழந்தையாகத் தாயின் இடுப்பில் கடல் தாண்டி வந்தவர் அவர். "நடுக்கடல்ல ஒருத்தன விட்டுட்டு நமக்கென்ன தூக்கம்? கரை சேத்துட்டுப் படு." ஒரு எழுத்தாளர், புண்ணியவான், மூன்று அத்தியாயம் கப்பலை விட்டு இறங்கவே இல்லை. மறுநாளைக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயையும் எடுத்து ஊற்றினார் மாமியார்.

படிக்கப் படிக்க ஆசை அடங்கும் என்று நினைத்தேன். பாதி அடங்கியது, மீதி வளர்ந்தது. மாமியாரின் கூடப்பிறந்த தங்கை திருச்சிப் பக்கம் இருந்தார். தாய் மாமியாரை இங்கே விட்டுவிட்டு ஊர் திரும்பிய பிறகு அங்கே பிறந்தவர், அக்காவும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. ஒரே ஒரு தடவை மூன்று பேரும் போய் வருவோம் என்று பேசிப் பேசி முடிவு செய்தோம். பாஸ்போர்ட் கேட்க என் வீட்டுக்காரர் நுவரெலியாவுக்குப் போனார்.

நனைந்து திரும்பி வந்தவர் தேத்தண்ணியைக்கூடத் தொடவில்லை.

"எந்த நாட்டுக்காரன்னு கேட்டாங்க. இங்கதான் பொறந்தேன்னேன். எங்கப்பா இங்க பொறந்ததுக்கு அத்தாட்சி கேட்டாங்க. நான் எங்க போவேன்? இல்லேன்னா சிலோன்காரன் இல்லையாம். அப்ப இந்தியாக்காரனான்னேன். அதுவும் இல்லையாம்."

இலங்கைக்குச் சுதந்திரம் வந்த கையோடு தோட்டத்து ஆட்களான எங்கள் குடியுரிமையைப் பறித்தார்கள். ஓட்டுரிமை போனது எங்களுக்குத் தெரியும். ஓரிடத்துக்குப் போய்வரும் வழியும் சேர்ந்து போயிருந்தது அன்றைக்குத்தான் புரிந்தது. மாமியார் தங்கைக்கென்று வாங்கி வைத்த சேலையை மடித்துப் பெட்டியில் போட்டார்.

சில நாள் புத்தகத்தைத் தொடவில்லை. பிறகு மாமியாரே, "எடு புள்ள, அந்த ஆளு எங்க நிக்கிறான்னு பாரு" என்றார். பாதியில் விட்டிருந்த புத்தகத்தின் பயணி, தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஐரோப்பாவில் ஒரு நாட்டின் எல்லைக்கு ரயிலில் போய்ச் சேர்ந்திருந்தார். எந்த நாடு என்று அதிகாரி கேட்டார். இந்தியா என்றார் பயணி. அதிகாரி பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திச் சிரித்து, நல்வரவு சொன்னார். நாலே வரி. எழுதியவருக்கே அது ஒரு விஷயமாகப் பட்டிருக்காது. அடுத்த பத்தியில் பனிமலைக்குத் தாவிவிட்டார்.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

"அப்பன் பொறந்த எடம் கேக்கலையா?"

"இல்லைங்க."

"ஒரு சொல்லு சொன்னாரு, விட்டுட்டானா?"

"விட்டுட்டாங்க."

எத்தனையோ கடலையும் பனியையும் பாலைவனத்தையும் பார்த்துவிட்ட மூன்று பேரும் அந்த நாலு வரியின் முன்னால் நெருங்கி உட்கார்ந்தோம். அதைவிடப் பெரிய அதிசயத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. மாமியார் மெதுவாகக் கேட்டார்.

"அவன் யோசிக்கக்கூட இல்லையா, தாயி?"

"இல்லைங்க அத்தை. கேட்டதும் சொல்லிட்டாரு."

"அந்த எடத்த இன்னொரு வாட்டி படி" என்றார்.