பனியாற்றில் குப்புறக் கிடந்தோம்

கனடாவில் பிறம்ரன் நகரிலிருந்து மேற்கே ட்ரக் ஓட்டும் என் மனைவியின் தம்பிக்கு ரொக்கி மலைகளில் ஒரு சிகரத்தோடு சச்சரவு. "ஒவ்வொரு ட்ரிப்பும் நிண்டு என்னைப் பாக்குது அத்தான். ஒருக்கா ஏறிப் பாப்பம்."

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை அது. அவனைத் தனியே விட மனமில்லாமல் நானும் வெளிக்கிட்டேன். எங்கள் வோபர்ன் அடுக்குமாடியின் லிஃப்ற் வாசலில் மனைவி சொன்னாள்: "மலையை நீங்களே வைச்சிருங்கோ. தம்பியை முழுசாக் கொண்டந்து தாங்கோ." அவளுக்கு மிஞ்சிய ஒரே உடன்பிறப்பு அவன்.

பனியாறு என்றார்கள். ஆறு என்றால் ஓடும். இது இருட்டில் படுத்துக் கிடந்து முனகியது. வெயில் ஏறினால் பனி இளகும், விடியுமுன் கடக்க வேண்டும் என்றாள் வழிகாட்டிப் பெண். முன்னால் அவள், நடுவில் நான், பின்னால் அவன். மூவருக்கும் ஒரே கயிறு. நெற்றி விளக்கின் வட்டத்துக்குள் என் சப்பாத்தும் அதில் கட்டிய இரும்பு முட்களும் மட்டும். வெடிப்புகள் எங்கே வாய் பிளந்திருக்கின்றன என்பது அவளுக்குத்தான் வெளிச்சம். கயிறு இழுபடும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தேன்.

"இருக்கிறன், இருக்கிறன். அக்காவுக்கு ரிப்போட் எழுதுறியளோ?"

அப்போதுதான் மேலே வெடித்தது.

அடுத்த கணம் என் முகம் பனியில். காதைப் பொத்தி, வாயைத் திறந்து, குப்புற. ஊரில் ஆமி அடித்த செல் குண்டுகளுக்குப் பழகிய உடம்பு, என்னைக் கேட்கவில்லை. பின்னால் அவனும் அப்படியே. ஓடுங்கள், ஓடுங்கள் என்று வழிகாட்டி ஆங்கிலத்தில் கத்தினாள். தலைக்கு நேர் மேலே பனிச்சுவர் உடைந்துகொண்டிருந்தது. படுத்தால் சாவு.

எழுந்தேன். அவன் எழவில்லை.

"டேய், இது செல் இல்லையடா, ஐஸ்!"

"அடுத்தது விழட்டும் அத்தான். பொறுங்கோ."

"அடுத்தது எங்களுக்கு மேலைதான் விழும்! எழும்படா! உன்ரை அக்காவுக்கு முன்னாலை நான் என்னெண்டு போய் நிக்கிறது?"

இரண்டு கையாலும் கயிற்றை இழுத்தேன். மடக்குக் கட்டில் நிமிர்வதுபோல் முழங்கால், இடுப்பு, பிறகு தலை என்று அவன் எழுந்தான். ஓடினோம். ஓட்டமா அது, பனியைக் குத்திக் குத்தி நகர்ந்தோம். பின்னால் பேரிரைச்சல். கழுத்துக்குள் குறுணி குறுணியாகப் பனி. நான் திரும்பவில்லை, கயிறு இழுபட்டது, அது போதும்.

உச்சியில் விடிந்தது என்று எழுத ஆசைதான். உச்சிக்கு நாங்கள் போகவில்லை. ஒரு பாறை ஓரத்தில், அவனுடைய பற்கள் தேநீர்க் கோப்பையில் அடித்துக்கொண்டிருக்க, வானம் சாம்பலானது. வழிகாட்டி வேறு வழியால் எங்களை இறக்கினாள்.

அந்த மாரியில், பனி தள்ளும் வண்டி இரும்புத் தகட்டைத் தெருவில் டமாரென்று போடும் விடிகாலைகளில், நான் கட்டிலில் குப்புறக் கிடந்தேன். ரெலிபோன் அடிக்கும்.

"அத்தான், எழும்பிட்டியளோ?"

"இல்லையடா. நீ?"

"இல்லை."

மனைவி ரிசீவரைப் பறிப்பாள். "ரெண்டு பேரும் எழும்புங்கோ. வேலைக்கு நேரமாச்சு."