பூங்கொத்தா, துடைப்பமா?

இல்க்வார்ஸ் பன்னை எடை போடுகிறார். பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் முதல் காரியம் இதுதான். உள்ளே பன்றிக்கொழுப்பும் வெங்காயமும் வைத்த பன்னைக் காகிதத்திலிருந்து பிரித்து, மேசையோரத்துச் சின்னத் தராசில் வைத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எண்ணைப் பார்ப்பார். "நேத்தைவிட இளைச்சுப்போச்சு. அந்தக் கடைக்காரி மாவுல கை வெக்கறா" என்று சொன்ன பிறகுதான் வாயில் வைப்பார். காகிதத்தோடு ஒருநாளும் எடை போட்டதில்லை. "பேக்கிங் நம்ம கணக்குல வராது" என்பது அவர் கட்சி.

அந்தத் தராசு எங்கள் தொழிற்சாலையின் சொத்து. ஸ்மில்டெனே ஊரைத் தாண்டி, மரக்கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கிறது தொழிற்சாலை. நீராவிக் குளியலுக்கு வேண்டிய சாமான்கள் செய்கிறோம்: மர வாளி, அகப்பை, உட்காரும் பலகை. எல்லாவற்றையும்விட அதிகமாக விற்பது குளியல் கொத்து. இலை இளசாக இருக்கும் ஜூன் மாதத்தில் பிர்ச் மரக் கிளைகளை வெட்டிக் கட்டி, நிழலில் உலர்த்துவோம். வாங்குகிறவர்கள் அதை வெந்நீரில் ஊறவைத்து, ஆவிக்குள் உட்கார்ந்து முதுகில் அடித்துக்கொள்வார்கள். இதற்குக் காசு கொடுக்க பின்லாந்திலும் ஜெர்மனியிலும் ஆட்கள் இருப்பதால்தான் எங்கள் வீடுகளில் அடுப்பு எரிகிறது. நான் லாரியில் சரக்கு ஏற்றி அனுப்புகிறவள். எனக்கு எதிர் மேசையில் இருக்கும் இல்க்வார்ஸ், போனதை அரசாங்கத்துக்குச் சொல்கிறவர்.

இப்போதெல்லாம் எல்லையில் லாரியை நிறுத்தி யாரும் ஒன்றும் கேட்பதில்லை. எங்கள் ஓட்டுநர் எஸ்டோனியாவுக்குள் நுழைந்ததைக் கைப்பேசியில் வரும் செய்தியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். அங்கே கேட்காமல் விட்டதை அரசாங்கம் இங்கே வட்டியோடு கேட்கிறது. என்ன போயிற்று, எந்த நாட்டுக்கு, எத்தனை கிலோ, என்ன மதிப்பு என்று மாதம் ஒருமுறை தலைநகர் ரீகாவிலுள்ள புள்ளிவிவர அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். மாத ஆரம்பத்தில் இல்க்வார்ஸ் கம்ப்யூட்டரில் கணக்கு மென்பொருளைத் திறந்து, போன மாத விற்பனைச் சீட்டுகளையெல்லாம் அறிக்கைக்குள் இழுத்துவிடுவார். ஒவ்வொரு பொருளுக்கும் எட்டு இலக்கத்தில் ஒரு குறியீடு, ஒரு நாடு, ஒரு நிகர எடை. வரி வரியாகத் திரையோடு பேசிக்கொண்டே போவார். "வாங்க பின்லாந்து, இந்த மாசமும் முதுகு அரிக்குதா? ஜெர்மனி, ரெண்டே வாளியா? கஞ்சப்பய." அயர்லாந்து வந்தால் மட்டும் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விடுவார். காளான் பொறுக்கிச் சம்பாதித்து வருகிறேன் என்று அங்கே போன அவருடைய மனைவி, திரும்பி வரவில்லை. அது நடந்து வெகுகாலம் ஆயிற்று.

எடை அவருக்குக் கையிலேயே இருக்கிறது. எதையும் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார். என் மகன் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தவர், குழந்தையை வாங்கி இரண்டு தடவை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். "மூணு எண்ணூறு" என்றார். சுற்றியிருந்த துணியைக் கழித்துச் சொன்ன எடை அது. நர்ஸ் அட்டையைப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தாள். இப்படிப்பட்ட மனிதர் மாதம் தவறாமல் அறிக்கையில் ஓர் எடையைத் தப்பாகப் போடுகிறார் என்றால் யாராவது நம்புவார்களா? நானும் ரொம்ப நாள் நம்பவில்லை.

கதை குளியல் கொத்தில்தான் ஆரம்பித்தது. உலகத்துச் சாமான்களுக்கெல்லாம் குறியீடு போட்ட அந்தத் தடிப்புத்தகத்தில், முதுகில் அடித்துக்கொள்ளும் கிளைக்கட்டுக்கென்று ஒரு வரி கிடையாது. கிட்டத்தில் வருகிற வரிகள் இரண்டு. ஒன்று, குச்சியால் கட்டிய துடைப்பம். மற்றது, பூங்கொத்துக்கு வைக்கும் இலைக்கிளை. துடைப்பம் என்று போட அவருக்கு மனம் வரவில்லை. பூங்கொத்துக் கிளை என்று போட்டு அனுப்பிவிட்டார். இரண்டு நாள் கழித்து ரீகாவிலிருந்து ஒரு பெண்குரல் கூப்பிட்டது. இல்க்வார்ஸுக்குக் காது கொஞ்சம் மந்தம், போனை எப்போதும் சத்தமாக வைத்துத்தான் பேசுவார். அதனால் எனக்கும் கேட்டது.

"இல்க்வார்ஸ் சாருங்களா? நான் மிர்கா, புள்ளிவிவர அலுவலகம். பின்லாந்துக்கு நாலு டன் பூங்கொத்து அனுப்பியிருக்கீங்க. அங்க யாருக்குக் கல்யாணம்?"

"கல்யாணமெல்லாம் இல்லீங்க மேடம். அது குளியல் கொத்து."

"அடக் கடவுளே. அப்ப அது துடைப்பம்னுதானே வரணும்?"

"துடைப்பத்தால உங்க முதுகுல அடிச்சுக்குவீங்களா மேடம்?"

இவருக்கு வேலை போயிற்று என்று நான் நினைத்தேன். அந்தப் பக்கமிருந்து சிரிப்பு வந்தது. அலுவலகத்தில் சிரிக்கக்கூடாது என்று அடக்கி, முடியாமல் இருமலாக மாறிய சிரிப்பு. "மேலே கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். மேலே கேட்டதில் துடைப்பம் என்றுதான் முடிவாயிற்று. முடிவான பிறகும் அவர்கள் இருவரும் அதை விடவில்லை. மாதா மாதம் மிர்கா கூப்பிடுவார், ஒரு வாளியின் எடை ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்பார், இவர் "ஐயோ, கை தவறிடுச்சு" என்பார், எண்ணைத் திருத்திக்கொள்வார்கள். கடைசியில் மிர்கா, "உங்க துடைப்பமெல்லாம் சௌக்கியமா?" என்பார். இவர், "எங்க பூங்கொத்தெல்லாம் சௌக்கியம்" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

அவ்வளவிலேயே அந்தப் பெண்மணியைப் பற்றி இல்க்வார்ஸுக்கு நிறையத் தெரிந்திருந்தது. ஜன்னலுக்குக் கீழே டிராம் போகும். தேநீரைக் கரண்டியால் ரொம்ப நேரம் கலக்குவார். கொள்ளைநோய்க்குப் பிறகு மற்றவர்கள் எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்க, அந்த மாடியில் அவர் மட்டும் தினமும் வந்து உட்கார்கிறார். "வீட்டுல யாரோட பேசறது?" என்று ஒரு தடவை சொன்னாராம். முகம் தெரியாது. பார்க்கத் தேடியதும் இல்லை. "நீங்களா ஒரு தடவை கூப்பிட்டுப் பேசினா என்ன?" என்று நான் கேட்டதற்கு, "அவங்க வேலைக்காகக் கூப்பிடறாங்கம்மா. நான் என்னத்துக்குன்னு கூப்பிடறது?" என்றார்.

போன வருடம் கணக்கு மென்பொருளைப் புதுப்பித்தார்கள். எடை ஒத்துவராவிட்டால் அனுப்புவதற்கு முன்பே அந்த வரி சிவப்பாகிவிடும். 'ஒரு வாளிக்கு நாற்பது கிலோவா? சரிபார்க்கவும்' என்கிற மாதிரி ஏதோ வரும். தற்செயலாக அவர் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த நான் பார்த்தேன். சிவப்பு வரியைப் பார்த்தார், சரியான எடை தெரிந்த அந்தக் கை, 'இருக்கட்டும், அனுப்பு' என்ற பொத்தானை அமுக்கியது.

"இல்க்வார்ஸ்! இது கை தவறினதா?"

காது வரைக்கும் சிவந்துவிட்டார். அந்த வரியைவிடச் சிவப்பு. "ஒரே ஒரு வரிதாம்மா," என்றார். "திருத்தி அனுப்பிடறோமே. நாட்டுக் கணக்கு ஒண்ணும் கெட்டுப்போகாது." எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்கு மேல் கேட்கவில்லை.

இந்த அக்டோபர் தொடக்கத்தில் எங்கள் மேலாளர் ரைடிஸ் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். வயதில் சின்னவன், நல்ல செய்தி என்றால் அவனுக்கு இரைந்துதான் வரும். "விட்டுது தொல்லை! அறிக்கைக்கான விற்பனை வரம்பை ஏத்திட்டாங்க. ஜனவரியிலிருந்து நம்மள மாதிரி சின்னக் கம்பெனி அறிக்கையே அனுப்ப வேண்டியதில்லை. இல்க்வார்ஸ், அந்த எட்டு இலக்கத்தையெல்லாம் மறந்துட்டு நிம்மதியா இருங்க!"

"நல்லது" என்றார் இல்க்வார்ஸ்.

அன்று பன்னை எடை போடவில்லை. பிரித்த காகிதத்தின் மேலேயே அது அப்படியே கிடந்தது. சாயங்காலம் கிளம்பும்போது நான் அதை எடுத்துப் பறவைகளுக்குப் போட்டேன். ஜனவரிக்குப் பிறகு அந்தப் போன் அடிக்க ஒரு காரணமும் இல்லை. எனக்கே ஏதோ பறிபோன மாதிரி இருந்தது, அவருக்கு எப்படி இருந்திருக்கும்.

எங்கள் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளுக்கும் சில பெயர்கள் அச்சாகியிருக்கும். அந்தப் பெயர்க்காரர்களுக்கு அன்று பெயர்நாள். பிறந்தநாளுக்காவது அழைக்க வேண்டும், பெயர்நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. நினைவு வைத்திருக்கிறவன் பூவோடு போய்க் கதவைத் தட்டலாம். வந்தவனுக்குக் கொடுக்க வீட்டுக்காரர் கேக் வைத்திருப்பார். மிர்காவின் பெயர்நாள் அக்டோபரில், அறிக்கைக் கெடு முடிந்த சில நாட்களில் வரும். போன வருடம் எடை கேட்டு அவர் கூப்பிட்டது சரியாக அன்றைக்குத்தான்.

"பெயர்நாள் வாழ்த்துகள் மேடம்" என்று இவர் தட்டுத்தடுமாறிச் சொன்னார்.

"ரொம்ப நன்றி. கேக்கெல்லாம் வாங்கி மேசை மேல வெச்சிருக்கேன், யாராவது வருவாங்கன்னு." கரண்டி கோப்பையில் சுற்றும் சத்தம் கேட்டது. "இன்னும் வெட்டல."

இவர் பதிலுக்கு வாளியின் எடையைச் சொன்னார். நான் எதிரிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு வருடம் முழுக்க, ஏதோ வேலையாக இருக்கும்போது திடீரென்று நிறுத்தி, "இன்னும் வெட்டலன்னு ஏன் சொன்னாங்க?" என்று கேட்பார். "ஏன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்பேன். "சும்மா சொல்லியிருப்பாங்க" என்று அவரே முடித்துக்கொள்வார்.

செப்டம்பர் கணக்கை அனுப்பும் நாள் வந்தது. அகப்பை வரியில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. வழக்கமான தப்பைப் போட்டுவிட்டார், பெயர்நாள் வாரத்தில் குரலைக் கேட்கலாம் என்று எனக்கும் ஆறுதலாக இருந்தது. அவர் ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எடையை அழித்துச் சரியாகப் போட்டார். சிவப்பு மறைந்தது. அனுப்பிவிட்டார்.

"என்ன காரியம் செஞ்சீங்க? இனிமே கூப்பிட மாட்டாங்களே! அதுவும் இந்த வாரத்துல!"

"கூப்பிட்டா நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன், வேஸ்மா" என்றார்.

பெயர்நாளன்று காலையில் அவர் மேசை காலியாக இருந்தது. ரைடிஸிடம் ஒருநாள் லீவு கேட்டிருக்கிறார். அவர் லீவு கேட்டதே இல்லையென்பதால், உடம்புக்கு என்ன என்று அவன் பயந்துபோயிருந்தான். ரீகா பஸ் வருவதற்குள் அவரைப் பிடித்துவிடலாமென்று நான் பஸ் திரும்பும் கிடங்குப் பக்கம் ஓடினேன். கிடங்குக்குள்ளேதான் இருந்தார். சவ ஊர்வலத்துக்கும் கல்யாணத்துக்கும் போடுகிற கறுப்புக் கோட்டு, எண்ணெய் தடவி வாரிய தலை. கட்டும் மேசையின் மேல் ஒரு குளியல் கொத்து கிடந்தது. இலை உதிராததாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தார். நடுவில் உலர்ந்த லிண்டன் மரப் பூவும் ஓரத்தில் மூன்று ஊதா டெய்சிப் பூவும் செருகியிருந்தார்.

"கடையில ரோஜா கிடைக்குமே" என்றேன்.

"கடைப்பூ எந்த நாட்டுலேர்ந்து வந்ததோ. இது என்னன்னு அவங்களுக்குத் தெரியும்." டெய்சியைக் கொஞ்சம் நிமிர்த்தி வைத்தார். "சிரிப்பாங்களா?"

"சிரிப்பாங்க. போய்ச் சேருங்க. கேக்கை வெட்டிடப் போறாங்க."

கிடங்குத் தராசு பக்கத்திலேயே இருந்தது. அதில் வைப்பார் என்று பார்த்தேன், வைக்கவில்லை. வெளியே பஸ் திரும்பும் சத்தம் கேட்டது. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசல் வரைக்கும் போனவர் சட்டென்று நின்றார். எங்கள் ஊரில் உயிரோடிருப்பவருக்கு ஒற்றைப்படையில்தான் பூக் கொடுக்க வேண்டும். இரட்டைப்படை கல்லறைக்கு. குளியல் கொத்துக்கு அந்தக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. துடைப்பத்துக்கு எதற்கு? ஆனால் இல்க்வார்ஸ் திரும்பி வந்து, கயிற்றைத் தளர்த்தி, உதட்டை அசைத்துக் கிளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். முடித்ததும் ஒரே ஒரு கிளையை உருவி என் கையில் கொடுத்துவிட்டு, கொத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸை நோக்கி ஓடினார்.