ஏழுமலையின் பேஸ் என் வீட்டில் நிற்கிறது

“யாருமே தொடாம கம்பி பேசுமா சார்?”

போன மாதம் ஏழுமலை என்னிடம் கேட்ட கேள்வி. கேட்டவர் இப்போது இல்லை... நேற்று முன்தினம் போய்விட்டார்.

குருவிநத்தத்துக்காரர். திருபுவனையில் ஒரு ஃபேக்டரியில் ஃபிட்டர், முகூர்த்த நாட்களில் கல்யாணக் கச்சேரியில் பேஸ் கிட்டார். ஷிஃப்ட் முடிந்து பைக்கை எடுக்கப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழவில்லை.

பேஸ் என்றால் என்னவென்று கேட்கும் நண்பர்களுக்கு ஓர் உதாரணம். தூரத்தில் பஸ் வரும்போது, காதுக்கு முன்னால் காலுக்குத் தெரியுமே, அந்த மாதிரிச் சத்தம். தடித்த நான்கு கம்பி. பாட்டில் அது இருப்பது தெரியாது, நின்றுபோனால்தான் தெரியும்.

வாத்தியார் வேலையிலிருந்து ரிட்டயர் ஆன பிறகு நானும் ஒன்று வாங்கினேன். “கிட்டார்னா ஆறு கம்பி இருக்கணுமே... மிச்சம் ரெண்டு இன்னா ஆச்சு, கடைக்காரன் எடுத்துக்கினானா?” என்று என் மனைவி கேட்டாள்.

ஏழுமலை, வில்லியனூரில் டயர் கடை வைத்திருக்கும் அந்தோணி, நான். மாதம் ஒரு ஞாயிறு பாகூரில் என் வீட்டு ஹாலில் கூடுவோம். எல்லாம் ஒப்பீடுதான்... யாருடைய பேஸில் கழுத்து மெலிசு, யாருடைய கம்பி பழசு, எது வயிற்றில் வந்து இடிக்கிறது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். இன்னொருவர் மூன்று பேஸிலும் ஒரே பாட்டுத் துண்டை மாற்றி மாற்றி வாசிப்பார். எது யாருடையது என்று சொல்ல வேண்டும்.

தன்னுடையதையே தவறாகச் சொன்னால், அதை வாசித்தவரிடம் கொடுத்துவிட்டு, அவருடையதை அடுத்த கூட்டம் வரை வைத்திருக்க வேண்டும். ஒரு மாதம் பழகினால் காது திருந்தும் என்று கணக்கு.

போன மாதம் ஏழுமலை வாசிக்க, என் பேஸை நானே அந்தோணியுடையது என்றேன்.

“படிச்ச புள்ளைங்க பேரு மறந்தா பரவால்ல சார், பெத்த புள்ளையவே மறந்துட்டீங்களே!” என்றார் அந்தோணி. ஏழுமலைக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

என்னுடையதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏழுமலை கிளம்பும்போதுதான் அந்தக் கேள்வி. “தெருவுல கரும்பு டிராக்டர் நின்னா, மூலைல சாத்தி வெச்ச பேஸ் தானா முனகுது சார். செல்வி பயப்படுது.” செல்வி அவர் மனைவி.

ஊஞ்சலை உதாரணம் சொன்னேன். அது ஆடும் போக்கிலேயே லேசாகத் தள்ளிக்கொண்டே இருந்தால் பெரிதாக ஆடும். இன்ஜினின் அதிர்வும் கம்பியின் அதிர்வும் ஒன்றாக இருந்தால், கை படாமலே கம்பி பேசும்.

“நீங்க சொன்னா சரி சார். ஆனா செல்விகிட்ட ஊஞ்சல் கதைலாம் எடுபடாது” என்றார்.

அதுதான் கடைசிப் பேச்சு.

நேற்றுக் காலை அந்தோணி போன் செய்தார். “சார்... அந்தம்மா கிட்டார அவுரு பக்கத்துலயே வெச்சிருக்குதாம். அது உங்களுதாச்சே சார்.”

ஏழுமலையுடையது என் ஹாலில் இருந்தது. கட்டைவிரலை ஊன்றி ஊன்றி மரத்தில் பள்ளம் விழுந்த பேஸ். கடைசியாக அவர் பக்கத்தில் இருக்க வேண்டியது அதுதான் என்று பட்டது. உறையில் போட்டு எடுத்துக்கொண்டு இருவரும் போனோம்.

பந்தல் ஓரத்தில் அந்தோணி என் கையைப் பிடித்தார். “மாத்தி வெச்சிட்டியேம்மான்னு இந்த நேரத்துல எப்பிடி சார் சொல்றது? வுட்டுருங்க.”

“போகும்போது பக்கத்துல இன்னொருத்தன் பேஸ் இருக்கலாமா அந்தோணி?”

“அவுரு கண்ண மூடிக்கினாரு சார். பாக்கறது அந்தம்மாதான்.”

உள்ளே போனேன். ஃப்ரீசர் பெட்டி. அதன்மேல் சாய்த்து வைத்த என் பேஸ், கழுத்தில் ஒரு முழம் சாமந்தி.

வெளியே பறை தொடங்கியது. என் பேஸின் கம்பிகள் முனக ஆரம்பித்தன... பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு.

காரணம் எனக்குத் தெரியும். ஊஞ்சல் உதாரணம் சொன்னவனே நான்தான். ஆனாலும் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

செல்வி பயப்படவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளங்கையை நான்கு கம்பியின் மேலும் படுக்க வைத்தார், பேஸ் வாசிக்கிறவர்கள் சத்தத்தை அடக்குகிற மாதிரியே. நின்றது. கையை எடுத்தார்... மறுபடி முனகியது. மறுபடி வைத்தார்.

அப்புறம்தான் என் தோளில் இருந்த உறையைப் பார்த்தார். “அவுருத கொண்ணாந்துட்டீங்களா சார்?”

“தெரியுமாம்மா?”

“தெரியாம இன்னா சார். அதுல பெருவெரல் பள்ளம் கீது, இதுல இல்ல. ஷிஃப்டுக்குப் போறதுக்கு முன்ன இதத்தான் மடில வெச்சினு இருந்தாரு. கடைசியா கை பட்டது இதுலதான். இது இங்கயே இருக்கட்டும் சார்... அத நீங்க வெச்சிக்கோங்க.”

சரிம்மா என்றேன். உறையைத் திறக்காமலே திரும்பினோம்.

இன்று காலை கரியமாணிக்கம் பக்கத்திலிருந்து வந்த கரும்பு டிராக்டர் ஒன்று, இன்ஜினை அணைக்காமல் எங்கள் தெருவில் நின்றது. ஹாலில் ஏழுமலையின் பேஸ் பேசியது.

என் கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. உள்ளங்கையால் அடக்கவும் மனம் வரவில்லை. டிராக்டர் போகும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.

போய் வாங்க ஏழுமலை. வரும் ஞாயிறு சுவரைப் பார்த்து உட்கார வேண்டியது உங்கள் முறை...

நண்பர்களே, வீட்டில் இரண்டு கம்பி வாத்தியம் இருந்தால் ஒரே சுருதியில் சேர்த்து, ஒரே மரப்பலகையில் சாய்த்து வையுங்கள். ஒன்றை மீட்டி, உடனே உள்ளங்கையால் அடக்கிவிட்டு, மற்றதைக் கேளுங்கள்.