பின்வாசலுக்கு எதிரே ஒரு வீடு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவளுக்கு நீராவி என்று பேர் வைத்தது யார் என்பது யாருக்கும் நினைவில்லை. இஸ்திரி இயந்திரத்திலிருந்து வந்த பேர் என்பார்கள் சிலர். அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள், அது அவள் கோபத்துக்கு வைத்த பேர் என்பார்கள். பெரிய டாக்டர்கள்கூட, "நீராவியக்கா கிட்ட சொல்லி நல்ல விரிப்பா ரெண்டு வாங்கிட்டு வா" என்று ஆளனுப்புவார்கள். ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் பட்டால் கறை உட்கார்ந்துவிடும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவாள். இரண்டாம் நாள் மறந்தால் தொலைந்தார்கள்.

அவளுக்கு ஒரே மகன். அவன் நான்காம் வகுப்பு படிக்கும்போது வேலை தேடி வேறு ஊருக்குப் போன புருஷன், வேலையோடு சேர்த்து இன்னொரு குடும்பத்தையும் தேடிக்கொண்டான். அவள் வழக்கு, வம்பு என்று எங்கும் போகவில்லை. "விட்டுது தொல்லை" என்று இரண்டே வார்த்தையில் முடித்துக்கொண்டாள். மகன் வளர்ந்து, ஃபிரிட்ஜ் ரிப்பேர் வேலை படித்தான். பத்தொன்பதாவது வயதில் அவனுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது.

அம்மா வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிதான். ஆனாலும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிஷம்தான் விட்டார்கள். மற்ற நேரமெல்லாம் மாடிப்படி. படியில் உட்காராதே என்று காவலாளி விரட்டினால் வெளியே நடைபாதை. அப்போது அவள் குடியிருந்தது இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய தூரத்தில். ஆறு நாள் அப்படியே கிடந்தாள். ஏழாம் நாள் தன் உடம்பு நாற்றம் தனக்கே சகிக்கவில்லை. தன் தம்பியைப் படியில் உட்காரவைத்துவிட்டு, ஒரு குளியல் போட்டு மாற்றுத்துணி எடுத்துவரக் கிளம்பினாள். போக, வர மூன்றரை மணி நேரம். திரும்பி வந்தபோது பின்வாசலில் தம்பி நின்றிருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த பை தானாகக் கீழே விழுந்தது. மகன் கடைசியில் கண்ணைத் திறந்தானா, எதையாவது கேட்டானா என்பதெல்லாம் தம்பிக்கும் தெரியாது. அவனையும் உள்ளே விடவில்லை. படுக்கையிலிருந்து உருவிய விரிப்பு அதற்குள் வண்டியில் ஏறி, அவளுடைய சலவைக்கூடத்துக்கே வந்து சேர்ந்திருந்தது.

அதற்கு மூன்று வருஷம் கழித்து, ஆஸ்பத்திரிப் பின்வாசலுக்கு நேர் எதிரே ஒரு சின்ன வீட்டை வாங்கினாள். முன்னறை, பின்னறை, ஒடுக்கமான சமையற்கட்டு, குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் வரும் குளியலறை. இருந்ததையெல்லாம் வழித்துப் போட்டு வாங்கினாள். "தனி ஆளுக்கு எதுக்குக்கா இந்த வயசுல வீடு?" என்று தம்பி கேட்டதற்கு, "வேலைக்கு நடந்து போயிடலாம்ல" என்று சொல்லிவைத்தாள். உண்மை அதுவல்ல. நோயாளியோடு வந்தவர்கள் குளிக்கவும் கொஞ்சம் கால் நீட்டவும் அந்த வீடு இருக்கவேண்டும் என்பதுதான் அவள் மனசில் இருந்தது.

ஆனால் வீடு வந்ததும் மகனுடைய சாமான்கள் முன்னறைக்கு வந்தன. அவன் சைக்கிள், சட்டைகள், பாதி கழற்றிய ஒரு பழைய ஃபிரிட்ஜ், ஸ்பேனர்கள். அந்த அறையைப் பூட்டிவைத்தாள். தான் பின்னறையில் படுத்தாள். இன்னும் ஒரு வருஷம் போகட்டும், அப்புறம் காலி பண்ணலாம் என்று நினைத்து நினைத்தே பதினான்கு வருஷம் ஓடிவிட்டது. ஜன்னலுக்கு எதிரே, தெருவின் அந்தப் பக்க நடைபாதையில் அட்டையை விரித்து ஆட்கள் படுத்திருந்தார்கள். அவர்களைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போனாள், வந்தாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அறுபத்து மூன்றாவது வயதில் நெஞ்சு படபடப்பு வந்தது. வால்வு தேய்ந்திருக்கிறது, ஆபரேஷன் தாங்காது, மாத்திரையில் ஓட்டலாம் என்றார் டாக்டர். வீடு திரும்பியவள் மறுநாளே ஒரு பெண் வக்கீலைப் பார்க்கப் போனாள்.

"எனக்கப்புறம் வீடு ஆஸ்பத்திரிக்கு. நோயாளிகூட வர்றவங்க தங்கறதுக்கு மட்டும். வேற எதுக்கும் இல்ல. அப்படி எழுதணும் வக்கீலம்மா."

வக்கீலம்மா குறித்துக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தினார். "நல்ல காரியம்தான். கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. ஒரு ரூம்தான் பூட்டியே கெடக்குன்னு சொல்றீங்களே, அத இப்பவே தொறந்து விடலாமே?"

நீராவி மடியிலிருந்த பையின் பட்டையைச் சுருட்டினாள், பிரித்தாள். "நான் போனப்புறம்னா, நான் பாக்க வேண்டியதில்ல பாருங்க" என்றாள் கடைசியில்.

வக்கீலம்மா அடுத்த வரிக்குப் போனார். "ஏதோ காரணத்தால அவங்களால அப்படி நடத்த முடியலன்னா, அடுத்து யாருக்குன்னு ஒரு வரி போட்டுக்கலாமா?"

"ஏன் முடியாம போகுது? ஆஸ்பத்திரி எங்க ஓடிடப் போகுது?"

உயில் தயாரானது. கூட வேலை பார்த்த இஸ்திரிக்காரரும், கிழிந்த விரிப்புகளைத் தைக்கும் தையல்காரியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு நகலை ஆஸ்பத்திரி நிர்வாக அதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். "உங்கள மாதிரி நாலு பேரு இருந்தா போதும்மா" என்றார். தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். அவர் தலைக்குப் பின்னால் சுவரில் மரங்களும் கண்ணாடிச் சுவருமாக ஒரு பெரிய கட்டடத்தின் படம் தொங்கியது. அழகாக இருக்கிறதே, எந்த ஊரோ என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

விஷயம் தம்பி காதுக்குப் போக ஒரு வாரம்தான் ஆனது. டயர் கடை வைத்திருப்பவன். இஸ்திரிக்காரர் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போன இடத்தில், உங்க அக்கா மனசு யாருக்கு வரும் என்று புகழ்ந்து தள்ளியிருக்கிறார். தம்பி அன்றைக்கே வந்தான். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை.

"வீட்டுக்காக வரல. என் பொண்ணுக்குக் குடுன்னு நான் கேட்டேனா? என்னிக்காவது வாயத் தொறந்திருப்பேனா?"

"இல்லடா. யாரு சொன்னா அப்படி?"

"அப்ப என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? அவன ஆஸ்பத்திரில சேத்த நாள்ல இருந்து கடைசி வரைக்கும் கூட நின்னவன் நான். தூக்கினவன் நான். சாட்சிக்கு இஸ்திரிக்காரரு கெடச்சாரு. நான் கெடைக்கலையா உனக்கு?"

சொல்லியிருந்தால் அவன் மறுத்திருக்கமாட்டான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் நாக்கு வேறு மாதிரிப் பேசியது. "என் வீடு. என் இஷ்டம். இதுக்கு ஊரக் கூட்டி உத்தரவு வாங்கணுமா?"

"ஊரு... நான் ஊரு. சரி" என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு போனவன் பிறகு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிறவன். பல்பு போய்விட்டால் மாட்டித் தருகிறவன். அவளும் போகவில்லை. கோபம் ஆறட்டும், தானாக வருவான் என்று இருந்தாள்.

எட்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பலகை வைத்தார்கள். ஊருக்கு வெளியே பதினெட்டு கிலோமீட்டரில் புதுக் கட்டடம் தயார், பிரிவுகள் ஒவ்வொன்றாக அங்கே மாறுகின்றன என்று எழுதியிருந்தது. மேலே அச்சாகியிருந்த படத்தைப் பார்த்தாள். மரங்கள், கண்ணாடிச் சுவர். அதிகாரி கொடுத்த தேநீர் இப்போதுதான் தொண்டையில் சுட்டது.

முதலில் கண் பிரிவு போனது. பிறகு பிரசவப் பிரிவு. எதிரே இருந்த மருந்துக்கடை ஷட்டரை இறக்கிவிட்டு ஆஸ்பத்திரியோடு சேர்ந்து போய்விட்டது. பழக்கடைக்காரன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். சலவைக்கூடத்து இயந்திரங்களை லாரியில் ஏற்றியபோது அவள் நடைபாதையில் நின்று பார்த்தாள். புது இடத்தில் சலவையை வெளியாட்களுக்குக் கொடுத்துவிட்டார்களாம். இவை பழைய இரும்புக்குப் போயின.

கடைசியாகத் தீவிர சிகிச்சைப் பிரிவு மட்டும் மிச்சம் இருந்தபோது, ஒரு காலையில் முன்னறைப் பூட்டைத் திறந்தாள். ஃபிரிட்ஜையும் சைக்கிளையும் பழைய சாமான்காரனுக்குப் போட்டாள். சட்டைகளை மடித்துத் தன் அறைக்குக் கொண்டுபோனாள். நெஞ்சு படபடக்கப் படபடக்க உட்கார்ந்து உட்கார்ந்து தரையைக் கழுவினாள். இரண்டு பாய், இரண்டு தலையணை. அப்புறம் தெருவைத் தாண்டிப் போய் நடைபாதையில் பார்த்தாள். நாற்பது ஐம்பது பேர் கிடந்த இடத்தில் ஒரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். மனைவியை மறுநாள் ஆம்புலன்ஸில் புது இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள் என்றார்.

"வாங்க, குளிச்சிட்டு கொஞ்சம் படுங்க. எதிர்ல நம்ம வீடுதான். காசெல்லாம் ஒண்ணும் வேணாம்."

அவர் நம்பாமல்தான் வந்தார். வெகுநேரம் குளித்தார். வெளியே வந்து பாயில் உட்கார்ந்தவர் அறையைச் சுற்றிப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் அவர் விரித்திருந்த அட்டை தெரிந்தது.

"இருபத்து மூணு நாளா அங்கதாம்மா கெடக்கறேன். மழையில நனைஞ்சு போயி எனக்கும் காய்ச்சல் வந்து, நாலு நாள் அவள உள்ள போயி பாக்க விடல. இவ்வளவு பக்கத்துல இப்படி ஒரு எடம் இருக்குன்னு யாருமே சொல்லலையே." குற்றம் சொல்கிற குரல் இல்லை. ஆச்சரியப்பட்டுத்தான் சொன்னார். "இப்பதான் தொறந்தீங்களா?"

"இன்னிக்குத்தான்" என்றாள்.

அவர் போன பிறகு, ஈரமான பாயைத் தூக்கிக் காயப்போட வேண்டும் என்று தெரிந்தும், சுவரில் சாய்ந்தபடி சாயங்காலம்வரை அப்படியே இருந்தாள். இருபத்து மூன்று நாள் ஒருவருக்கு. பதினான்கு வருஷத்தில் எத்தனை பேர்? அவளைப் போல ஒரு குளியலுக்காக வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தவர்கள் அதில் எத்தனை பேர்? அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை.

மறுவாரத்திலிருந்து தெருவில் ஈ காக்கை இல்லை. மாத்திரைக்கு அவளே இரண்டு பஸ் மாறிப் புது ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருந்தது. வாசல் மரங்களுக்குக் கீழே அட்டை விரித்து ஆட்கள் படுத்திருந்தார்கள். பார்க்காததுபோலக் கடந்து உள்ளே போனாள். நிர்வாக அதிகாரி இந்தத் தடவையும் எழுந்து நின்றார். "அந்த வீட்ட வெச்சி இனிமே நாங்க ஒண்ணும் பண்ண முடியாதும்மா. வித்து பொது நிதில சேக்கலாம்னு மாத்தி எழுதிக் குடுத்தா, சந்தோஷமா ஏத்துக்குவோம்."

"வித்த பணத்துல இங்க ஒரு ரூம் கட்டுவீங்களா சார்?"

"அந்த வீட்டுக்கு வர்ற வெல, இங்க ஒரு ரூம் கட்டக்கூடப் பத்தாதும்மா. ஆஸ்பத்திரி போனப்புறம் அந்தத் தெருவுல யாரு வாங்குவாங்க?"

வக்கீலம்மாவிடம் போனாள். இப்படியே விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். வக்கீலம்மா விளக்கினார். "உயில் செல்லாம போனா சொத்து வாரிசுக்குப் போகும். நீங்க விவாகரத்து வாங்கலையே. உங்க வீட்டுக்காரர் உயிரோட இருக்கற வரைக்கும் அவருதான் மொதல் வாரிசு."

நீராவி சிரித்துவிட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. அதைக் கேட்க வக்கீலம்மாவுக்கே சங்கடமாக இருந்தது. "நான் வழிச்சுப் போட்டு வாங்குவேன், அவன் வந்து காலாட்டிக்கிட்டு உக்காருவானா?"

அன்றைக்கே தம்பியின் டயர் கடைக்குப் போனாள். அவன் ஒரு லாரிச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். எல்லாவற்றையும் சொன்னாள். "உன் பேருக்கே எழுதிடறேன்டா. ஒழுங்கா அன்னிக்கே செஞ்சிருக்கணும்."

அவன் கையில் ஒட்டியிருந்த கிரீஸைப் பழந்துணியில் வெகுநேரம் துடைத்தான். "ஆஸ்பத்திரிக்கு வேணாம்னு ஆனப்புறம் எனக்கா?"

"அப்படி இல்லடா..."

"அப்படித்தாங்கா. நீ நல்ல மனசோடதான் வந்திருக்க, தெரியுது. ஆனா எனக்கு வேணாம். அந்த வீட்டுக்குள்ள காலெடுத்து வெச்சா, அன்னிக்கி நீ சொன்னதுதான் காதுல கேக்கும்." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் சண்டை போட்டுச் சமாளித்திருப்பாள். "டீ சொல்லட்டா?" என்று கேட்டான். வேண்டாம் என்று எழுந்தாள்.

புது உயிலில், வீட்டை விற்று ஆஸ்பத்திரிப் பொது நிதியில் சேர்க்கவேண்டும் என்று இருந்தது. இஸ்திரிக்காரர் அதற்குள் இறந்துபோயிருந்தார். அவருக்குப் பதில் வக்கீலம்மாவின் டைப்பிஸ்ட் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். நன்கொடை கொடுத்தவர்கள் பலகையில் மகன் பேரைப் போடச் சொல்லி ஒரு வரி சேர்க்கலாமா என்று வக்கீலம்மா கேட்டார். "வேணாம். அவன் எதையும் குடுக்கல. நானும்தான்" என்றாள் நீராவி.

அதற்குப் பிறகு முன்னறையைப் பூட்டவும் இல்லை, புழங்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி வீட்டுக்குப் போன் செய்வாள். தம்பி மகள்தான் எடுப்பாள்.

"அப்பா வெளிய போயிருக்காரு அத்த."

பின்னால் அவன் இருமுவது கேட்கும். புகைப் பழக்கம், விடு என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். "சரிம்மா. சும்மாதான் பண்ணேன். ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்வாள். அந்தப் பெண் முதலில் வைக்கட்டும் என்று, போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நிற்பாள்.