ஆறாம் வகுப்புக்குப் பள்ளிக்கூடம் பார்த்தது

என் வீட்டுக்காரர் கடலில் இறந்துபோன வருஷம்தான் மகளுக்கு ஆறாம் வகுப்புக்குப் பள்ளிக்கூடம் பார்க்க வேண்டி வந்தது. எங்கள் குப்பத்துப் பள்ளியிலேயே எட்டாவது வரை உண்டு, அங்கேயே சேர்த்துவிடு என்றார்கள் எல்லோரும். யார் என்ன சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அழுகைகூட நின்றுபோயிருந்தது. சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே தின்றுகொண்டிருந்தேன்.

மகள் மட்டும், "அந்த ஸ்கூல் எனக்கு வாணாம்" என்றாள். ஏன் என்று கேட்டால் அதையே திரும்பச் சொன்னாள். பிடிவாதம் அப்படியே அவள் அப்பாவுடையது, நைனா என்றுதான் அவரைக் கூப்பிடுவாள். சரி, குப்பத்துப் பள்ளி, பழவேற்காட்டுப் பள்ளி என்று இரண்டு கவர்மென்ட் பள்ளியையும் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன்.

குப்பத்துப் பள்ளியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குழாயில் தண்ணீர் வந்தது. கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இருந்தது. தலைமையாசிரியை மகளைக் கண்டதுமே இழுத்து அணைத்துக்கொண்டார்.

"நைனா இல்லாத புள்ள. முன்பெஞ்சுல உக்கார வச்சு நான் பாத்துக்கிறேன்."

சத்துணவு ஆயா ஓடிவந்து அவள் கையில் ஒரு முட்டையை வைத்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மகள் அதைத் தின்னவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. வீடு வரைக்கும் கையிலேயே வைத்திருந்தாள். அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் ஷேர் ஆட்டோவில் பழவேற்காடு போனோம். டச்சுக்காரன் கல்லறைக்கிட்டே இறங்கி நடந்தோம். பெரிய பள்ளிக்கூடம், பெரிய கூட்டம். குழாய் இருந்தது, தண்ணீர் இல்லை. கழிப்பறைக்குக் கதவு இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. பெஞ்சுக்குப் பெஞ்சு பிள்ளைகள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இதற்கா ஆட்டோ ஏறி வந்தோம் என்று எரிச்சலாக இருந்தது.

இங்கே எங்களை யாருக்கும் தெரியாது. இந்தத் தலைமையாசிரியை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்.

"பாப்பாவோட அப்பா எங்கம்மா? வரலையா?"

"தொழிலுக்குப் போயிருக்காரு டீச்சர்."

கடலுக்குப் போவதை எங்கள் பக்கம் தொழிலுக்குப் போவது என்றுதான் சொல்வோம். கல்யாணம் ஆன நாளிலிருந்து வாசலில் யார் வந்து அவரைக் கேட்டாலும் இதே பதில்தான். நான் யோசித்துச் சொல்லவில்லை, வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. மகள் என்னை ஒருதரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி, வந்ததும் ஒரு நாள் வந்து பாக்கச் சொல்லுங்க" என்றார் தலைமையாசிரியை.

"சொல்றேன் டீச்சர்" என்றேன்.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றோம். வெயில் மண்டையைப் பிளந்தது. அவளுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்லலாம் என்று ஆரம்பித்தேன்.

"பாத்தல்ல? தண்ணி இல்ல, கதவுக்குத் தாப்பா இல்ல. நம்ம குப்பத்து ஸ்கூல்ல இன்னா கொறை, நீயே சொல்லு."

"இங்கியே சேத்துடும்மா."

"அப்படி இன்னாடி இருக்குது இங்க?"

"இங்க நைனா இருக்காரு."